இடமா வலமா, ஒளியைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மூக்கொழுகலுக்குச் சாப்பிடும் செட்ரிசின் மாத்திரை 10 மில்லிகிராம். லெவோசெட்ரிசின் என்று எழுதிக்கொடுத்தால் 5 மில்லிகிராம். அளவு பாதி, பலன் ஏறக்குறைய அதே. ஏன்? செட்ரிசினில் இரண்டு வகை மூலக்கூறுகள் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன. அணுக்கள் அதே, எண்ணிக்கையும் அதே. இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல அமைப்பு மட்டும் வேறு. அவற்றில் உடம்புக்குள் முக்கியமாக வேலை பார்ப்பது ஒன்றுதான். அதை மட்டும் கொடுப்பது லெவோசெட்ரிசின். இடம் வலம் உள்ள இத்தகைய மூலக்கூறுகளைக் கைரல் என்கிறோம்.

தராசில் இரண்டுக்கும் ஒரே எடை. உருகும் வெப்பநிலையும் ஒன்றே. வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது ஒளி. ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியைக் கரைசலுக்குள் விட்டால், ஒன்று அந்தத் தளத்தை வலப்பக்கம் திருப்பும்; மற்றது அதே அளவு இடப்பக்கம் திருப்பும். சரிபாதியாகக் கலந்திருந்தால் திருப்பமே இருக்காது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

1848, பாரீஸ். லூயி பாஸ்டருக்கு வயது 25. திராட்சை மதுப் பீப்பாய்களில் படியும் டார்டாரிக் அமிலம் ஒளியைத் திருப்பும். அதே சேர்மானமுள்ள இன்னொரு அமிலம் திருப்பாது. அந்த இரண்டாவதன் உப்பைப் படிகமாக்கி, லென்ஸ் வைத்துப் பார்க்கிறார் பாஸ்டர். சில படிகங்களில் ஓரத்துச் சிறு முகம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, சிலவற்றில் இடப்பக்கம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கித் தனித்தனியே கரைத்தார். ஒன்று வலம், மற்றது இடம்!

இந்தத் துறையின் பெரியவர் பியோ நம்பவில்லை. எழுபதைத் தாண்டியவர், லேசில் மசிகிற ஆள் இல்லை. பொருள்களைத் தானே எடுத்துக் கொடுத்து, தன் கண்ணெதிரே கரைசல் தயாரிக்கச் சொன்னார். படிகங்களைப் பாஸ்டர் பிரித்ததும் அவற்றைத் தானே கரைத்துக் கருவியில் பார்த்தார். ஒளி இடப்பக்கம் திரும்பியதுமே பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்க அறிவியலை நேசித்தவன் நான், இதைப் பார்த்து நெஞ்சு படபடக்கிறது என்றாராம். இன்னொன்று: ஏறத்தாழ 27 டிகிரிக்குக் கீழே படிகமானால்தான் அந்த உப்பு இப்படித் தனித்தனியாகப் பிரியும். சித்திரை வெயிலில் சென்னையில் செய்திருந்தால் பாஸ்டருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

பாஸ்டரிடமே பாதி நேரம் போய்விட்டது. சரி, நோய்க்கு வருவோம். ரத்தத்திலுள்ள குளுக்கோஸும் கைரல்தான். ஒளியை வலப்பக்கம் திருப்பும். அந்தக் காலத்தில் நீரிழிவுக்காரரின் சிறுநீரை இப்படித்தான் அளந்தார்கள். 100 மில்லிலிட்டரில் 5 கிராம் சர்க்கரை இறங்கினால், 20 சென்டிமீட்டர் குழாயில் ஒளி 5 டிகிரிக்குச் சற்று மேலேயே திரும்பும். கண்ணாலேயே படித்துவிடலாம். சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் கரும்புச்சாற்றைச் சோதிப்பதும் இதே முறையில்தான்.

விரலைக் குத்தாமல், கண்ணின் முன்பகுதியில் உள்ள நீர் வழியே ஒளியைச் செலுத்திச் சர்க்கரையை அளக்கலாமே என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக முயல்கிறார்கள். அங்கே ஒளி கடக்கும் தூரம் சுமார் ஒரு சென்டிமீட்டர். சர்க்கரை 100 என்றால் திருப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். சிறுநீரில் பார்த்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு! போதாததற்குக் கண் ஓயாமல் அசையும், கருவிழிப் படலமும் ஒளியைக் குழப்பும். வீட்டில் வாங்கி வைக்கும் கருவியாக இது இன்னும் வராததற்கு இவையே பெரிய காரணங்கள்.

புரதங்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். இடமாகவும் வலமாகவும் சுழன்று வரும் புற ஊதா ஒளியைப் புரதம் சமமாக உறிஞ்சாது. அந்த வித்தியாசத்தை வரைகோடாகப் போட்டால், சுருள் வடிவப் புரதம் 208, 222 நானோமீட்டர் அலைநீளங்களில் இரண்டு பள்ளங்களைக் காட்டும்; தகடுபோல மடிந்தால் அந்த வரைகோடு மாறிவிடும். அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்துண்டு இப்படி மடிவதை ஆய்வகங்கள் இதை வைத்துத்தான் கவனிக்கின்றன. ஆனால் அது சோதனைக்குழாயில். நோயாளியிடம் நேரடியாக... நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.