ஜோனி மிட்செல்: விரலுக்கு ஏற்ற மாதிரி கிட்டாரை மாற்றியவர்

[காட்சி: ஸ்ட்ரம் செய்யும் கை]

பாடகி ஜோனி மிட்செல் பாட்டுக்கு கார்டு (ஒண்ணா ஒலிக்கிற சுரக்கூட்டம்) எல்லாம் சரியாப் பிடிச்சும் அந்தச் சத்தம் வரலையா? தப்பு உங்க விரல்ல இல்ல. ட்யூனிங்ல, அதாவது ஸ்ட்ரிங்குகளோட சுருதியில இருக்கு.

1943ல கனடாவின் ஆல்பெர்ட்டாவில பிறந்து, சாஸ்கடூன்ல வளர்ந்தவர் ஜோனி. ஒன்பது வயசுல போலியோ வந்துச்சு. குணமாகி நடந்தார், ஆனா இடது கையில பழைய பலம் இல்ல. கார்டு பிடிக்க வேண்டியது அந்தக் கைதான். நாலு விரலையும் விரிச்சுப் பிடிக்கிற கார்டுகளோட மல்லுக்கட்டாம, ஸ்ட்ரிங்குகளோட சுருதியையே மாத்தினார்.

[காட்சி: கிட்டாரின் தலைப்பகுதி, நெருக்கத்தில்]

ஓப்பன் டி-ங்கிற ட்யூனிங்கை வச்சுப் பாருங்க. தடிமனான ஆறாவது ஸ்ட்ரிங்கை இ-யிலிருந்து டி-க்கு இறக்குங்க. அஞ்சாவதையும் நாலாவதையும் தொட வேண்டாம். மூணாவது ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப், ரெண்டாவது பி-யிலிருந்து ஏ, முதலாவது இ-யிலிருந்து டி. இப்ப விரலே வைக்காம அடிச்சா டி மேஜர். அஞ்சாவது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கே இருக்கிற உலோகக் கட்டை) ஒரே விரலைக் குறுக்கே வச்சா ஜி, ஏழாவதுல ஏ.

இறக்கும்போது சுருதிக்குக் கொஞ்சம் கீழே போய்ட்டு மேலே வாங்க. இல்லைன்னா ஸ்ட்ரிங்ல தொய்வு தங்கிடும், வாசிக்க வாசிக்க இறங்கிட்டே போகும். இழுவிசை குறைஞ்சதும் நெக் (கிட்டாரோட கழுத்து) லேசா நிமிரும், மத்த ஸ்ட்ரிங்குகளும் நகரும். அதனால ஆறையும் ரெண்டு சுத்து சரிபாருங்க. ஆறாவது ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல பட்டு இரைஞ்சா தடிமனான செட் போடுங்க.

1970ல வந்த ‘பிக் யெல்லோ டாக்ஸி’ பாட்டு இ சுருதியில இருக்கு. அதுக்காக ஸ்ட்ரிங்கை ஏத்தி அறுத்துக்காதீங்க, இதே ட்யூனிங்ல ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டா போதும்.

இதைக் குறிச்சு வைக்க ஒரு முறை இருக்கு: டி 7 5 4 3 5. ஆறாவது ஸ்ட்ரிங் டி, அதோட ஏழாவது ஃப்ரெட் சத்தம்தான் அஞ்சாவது ஸ்ட்ரிங், அதோட அஞ்சாவது ஃப்ரெட் நாலாவது... இப்படியே போகும். ஜோனி பயன்படுத்தின ட்யூனிங் ஐம்பதுக்கும் மேல. அதனால இந்த எண்கள் இல்லாம அவர் பாட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

[காட்சி: ஆல்பம் அட்டைகள்]

1968ல முதல் ஆல்பம், தயாரிப்பாளர் டேவிட் கிராஸ்பி. 1971ல ‘ப்ளூ’. அதுல சில பாட்டுல கேக்கிறது கிட்டாரே இல்ல, மடியில வச்சு வாசிக்கிற டல்சிமர். 1974ல ‘கோர்ட் அண்ட் ஸ்பார்க்’ நல்லா வித்துச்சு. நம்ம ஓட்டு 1976ன் ‘ஹெஜிரா’வுக்கு. ஜோனி கிட்டாருக்கு நடுவுல ஜாக்கோ பாஸ்டோரியஸோட பாஸ் கிட்டார் தனிக் குரலாவே பாடும்.

மேடையிலதான் தொல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ட்யூனிங் மாத்தணும், மாத்தினதும் நிக்காது. 1990கள்ல ரோலண்ட் விஜி-8 கருவி கைகொடுத்துச்சு: ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் தனித்தனியா வாங்கி, மின்னணு முறையில சுருதி மாத்தித் தரும். கிட்டார்ல முறுக்காணியைத் தொட வேண்டியதே இல்ல.

2015ல ஜோனிக்கு மூளை ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சு, பேச்சையும் நடையையும் மறுபடி கத்துக்க வேண்டியதாச்சு. கிட்டாரையும்தான். எந்த ஃப்ரெட்ல விரல் வச்சோம்னு தன்னோட பழைய வீடியோக்களைப் பார்த்தே பழகினார். 2022 ஜூலையில நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில, நின்னுக்கிட்டே எலெக்ட்ரிக் கிட்டார் வாசிச்சார்.