சான்றிதழுக்குப் படத்தைத் தெரியும், பிள்ளையைத் தெரியாது

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்த அட்டன் குளிரிலும் பிள்ளைகளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும், இரண்டு அணியிலும் பேசுகிற நண்பர்களுக்கும் என் வணக்கம்.

பிள்ளைகளுக்கு ஏற்ற படம் எது என்று தீர்மானிக்கப் பெரிதும் துணை நிற்பது தணிக்கைச் சான்றிதழா, பெற்றோரின் கண்ணா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி சான்றிதழுக்காக நன்றாகவே வாதாடினார். அவர் இரண்டு கேள்விகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்பது ஒன்று. காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற பிரட்டுக்குப் போய், மாலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வருகிற தாய்க்குப் பிள்ளையோடு உட்கார்ந்து படம் பார்க்க நேரம் ஏது என்பது மற்றது. இரண்டும் நியாயமான கேள்விகள். பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன்.

அதற்கு முன், நான் ஏன் இந்த அணியில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை. சில வருடங்களுக்கு முன், தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறைக்கு முதல் நாள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினோம். படத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். 'யூ' சான்றிதழ் வாங்கிய படம். சண்டை இல்லை, ரத்தம் இல்லை, கூசுகிற காட்சி இல்லை. நான் அதை முழுதாகப் பார்த்திருக்கவில்லை. சான்றிதழைப் பார்த்தேன், போதும் என்று நினைத்துவிட்டேன். படத்தின் நடுவில் ஒரு தாய் தன் மகனை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போகிறாள். அப்புறம் அவள் திரும்பி வருவதே இல்லை. மற்றப் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு பையன் மட்டும் மெதுவாக மேசைக்குக் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டான். படம் முடிந்த பிறகும் எழும்பவில்லை.

அவனுடைய அம்மா இரண்டு வருடமாக மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். எனக்கு அது தெரியாததா? வகுப்பு இடாப்பில் அந்த விவரத்தை எழுதியதே நான். சான்றிதழைப் பார்த்த அன்றைக்கு எனக்கு இடாப்பு ஞாபகம் வரவில்லை, நடுவர் அவர்களே.

சான்றிதழைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நாம் பார்க்கிற படங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. அங்கே 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு வாரியம் படங்களைப் பார்த்துத் தரம் பிரிக்கிறது. எல்லோரும் பார்க்கலாம் என்றால் 'யூ', 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்றால் 'ஏ'. இரண்டுக்கும் நடுவில், பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்று 'யூஏ' ஒன்றை 1983இல் சேர்த்தார்கள். அது போதவில்லை என்று 2023இல் சட்டத்தைத் திருத்தி, அந்த யூஏயையே 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்தத் திருத்தத்தைச் சற்று ஊன்றிப் பாருங்கள். யூஏ என்ற குறியைப் பெற்றோரோ பாதுகாவலரோ தவிர வேறு யாரும் நடைமுறைப்படுத்த முடியாது. தியேட்டர்க்காரர் உங்கள் மகனை வாசலில் நிறுத்த மாட்டார். எதிரணி நம்பியிருக்கிற சட்டமே, பாதி தூரம் வந்து, மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது.

'ஏ' படத்தைப் பற்றி வாதமே இல்லை. அது பிள்ளைகளுக்கு இல்லை, அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் அதற்கு இந்தப் பக்கம் இருக்கிற நூற்றுக்கணக்கான படங்களில்தான்.

சரி, நம் பிள்ளைகள் எங்கே படம் பார்க்கிறார்கள்? நம் இலங்கையில் திரைப்படங்களையும் நாடகங்களையும் பார்த்து அனுமதி கொடுப்பதற்கான கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனால் அது தியேட்டர் வாசலில் நிற்கிற காவல். நம் பிள்ளை படம் பார்ப்பது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், லயத்துக் காம்பராவில். 10க்கு 12 அடி. அதிலேதான் அடுப்புப் புகை, அதிலேதான் படுக்கை, அதிலேதான் டீவி. பெரியவர்கள் பார்க்கிற படம், சின்னவர்கள் பார்க்கிற படம் என்று பிரித்து வைக்க இன்னொரு காம்பரா இல்லை. அப்பா இரவு ஒன்பது மணிக்கு ஒரு படத்தைப் போட்டால், போர்வைக்குள் கண்ணை மூடியிருக்கிற மகளின் காது திறந்துதான் இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் சில விநாடி வந்துபோகிற சான்றிதழை யார் பார்த்தார்கள்? நாம் டீவியைப் போடுகிறபோது படம் பாதி ஓடியிருக்கும். 2020இல் ஒன்லைன் வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கிக் கொடுத்த போனில் வருகிற துண்டுக் காட்சிகளுக்கோ சான்றிதழே கிடையாது. கோழி அறுப்பதுபோல ஆளை அறுக்கிற காட்சி மட்டும் தனியாக வெட்டப்பட்டு, முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் வந்து விழுகிறது.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, நம் டீவியில் சிகரெட்டையும் போத்தலையும் மங்கலாக்கித்தான் காட்டுகிறார்கள். நல்லது. ஆனால் அந்த மங்கலான சிகரெட்டைப் பிடித்திருக்கிற கை, அடுத்த நிமிடம் மனைவியின் கன்னத்தில் அறைகிறது. அந்த அறை பளிச்சென்று தெரிகிறது. அதைக் கதாநாயகனின் ரோஷம் என்று சொல்லிப் பின்னணி இசையும் கொடுக்கிறார்கள். கொழுந்து நிறுக்கிற தராசுக்கு எடைதான் தெரியும். கொழுந்து இளசா முற்றலா என்று கையால் அள்ளிப் பார்க்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

தரம் பிரிப்பவர்களுக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரியும் என்று தம்பி கேட்டார். அதற்குப் பதில் நம் மலைநாட்டிலேயே இருக்கிறது. 1983இல், கண்டிக்குப் பக்கத்தில் விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு தொங்குபாலம் கட்டி ஹொலிவுட் படம் ஒன்றை எடுத்தார்கள். இந்தியானா ஜோன்ஸ் வரிசையில் இரண்டாவது படம். அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த தரம், பெற்றோர் வழிகாட்டலோடு எந்த வயதுப் பிள்ளையும் பார்க்கலாம் என்பது. 1984 மே மாதம் படம் வெளியானது. உயிரோடிருக்கிற மனிதனின் நெஞ்சிலிருந்து இதயத்தைக் கையால் பிடுங்குகிற காட்சியைப் பார்த்து அங்குள்ள பெற்றோர் கொதித்துப் போனார்கள். அதே கோடையில் வந்த இன்னொரு படத்துக்கும் அதே எதிர்ப்பு. அந்த யூலை மாதமே, 13 வயதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோருக்குக் கூடுதல் எச்சரிக்கை தருகிற புதிய தரத்தைக் கொண்டுவந்தார்கள். முதலில் விழித்தது பெற்றோரின் கண். சான்றிதழ் அதற்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் படத்துக்குத் தரம் போடுகிற குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பிள்ளை வளர்க்கிற தாய் தகப்பன்மார்.

அப்படியென்றால் அந்தக் கண் எதைப் பார்க்க வேண்டும்? நான் வகுப்பில் கண்டதைச் சொல்கிறேன். ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்குத் தோற்றம்தான் பயம். கோரைப் பல்லும் சிவந்த கண்ணும் வந்தால், அந்தப் பேய் நல்ல பேய்தான் என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் எடுபடாது. எட்டு ஒன்பது வயதுக்குப் பேய் சிரிப்பாகிவிடும். ஆனால் நடக்கக்கூடியது பயமாகிவிடும். பிள்ளையைக் கடத்துவது, வீடு எரிவது, அம்மா சாவது. பேய்ப்படம் வேண்டாம் என்று தடுத்துவிட்டு, குடும்பப் படம்தானே என்று இதையெல்லாம் காட்டிவிடுகிறோம்.

அதிலும் நம் பிள்ளைகள் என்று வரும்போது இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நம்மில் யார் மறந்தோம்? அடை மழை பெய்கிற இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிற பிள்ளைகள் இந்த மலைகளில் இருக்கிறார்கள். ஒரு படத்தில் ஐந்து நிமிடம் வெள்ளமும் மண்ணும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் தெரியாது, 'யூ' கிடைத்துவிடும். சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கு அது ஒரு காட்சி. உங்கள் மகளுக்கு அது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேடு.

வளர்ந்த பிள்ளைகளிடம் வேலை வேறு. பதினான்கு வயது மகனிடம் போய், பார்க்காதே என்றால் அவன் நண்பனின் போனில் பார்ப்பான். அங்கே பேச்சுத்தான் வேண்டும். ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கதாநாயகன் பஸ் நிலையம்வரை அவள் பின்னாலேயே போவதும், கடைசியில் அவள் சிரிப்பதும் எத்தனை படத்தில் வந்துவிட்டது! அதற்கெல்லாம் எளிதாக நல்ல சான்றிதழ் கிடைத்தது. என் பத்தாம் வகுப்புப் பையன்களிடம் அப்படி ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது, "அந்தப் பொண்ணு எத்தன தடவ மாட்டேன்னு சொன்னா? எண்ணிக்கிட்டு வாங்க" என்றேன். மறுநாள் எண்ணிக்கொண்டு வந்தார்கள். பதினொன்று என்றான் ஒருவன். இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சேர்த்தால் பதினான்கு என்றான் இன்னொருவன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. நான் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இனி நேரம். தம்பியின் இரண்டாவது கேள்வி. எல்லாப் படத்தையும் முழுதாகப் பார்த்துவிட்டுக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் நிற்கிறபோது நம் அம்மாமார் பேசாத விஷயம் உண்டா? "நேத்து அந்தப் படத்த ஒன் மகன் பார்த்தானா? எந்த எடத்துல பயந்தான்? ராவைக்குத் தூங்குனானா?" இந்த மூன்று கேள்வி போதும். யூஏ என்ற இரண்டு எழுத்து சொல்லாததை அடுத்த நிரையில் நிற்கிற அக்கா சொல்லிவிடுவார். படம் ஓடுகிறபோது ரொட்டி தட்டிக்கொண்டே பிள்ளையின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். காலை மடக்கி ஒடுங்கினானா, தேவையில்லாமல் சத்தமாகச் சிரித்தானா, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று அடிக்கடி எழும்புகிறானா? டீவியை நிறுத்துங்கள். திட்டாமல் நிறுத்துங்கள். அம்மா தூர தேசத்தில் இருந்தால் அப்பாயி பார்க்கட்டும். இரவு வீடியோ அழைப்பில் அம்மா, சாப்பிட்டியா என்று கேட்பதோடு, இன்றைக்கு என்ன பார்த்தாய் என்றும் கேட்கட்டும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கிற தோட்டத்தில் வளர்ந்தவள் நான். தப்பு மேளம் அதிர, தீப்பந்த வெளிச்சத்தில் எமன் வருவான், வீரபத்திரன் வருவான். விடிய விடிய நடக்கிற கூத்து. அதற்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? எனக்கு ஆறு வயது இருக்கும். எமனைக் கண்டு அப்பாயியின் சேலைக்குள் புகுந்துகொண்டேன். அப்பாயி என் கண்ணைப் பொத்தவில்லை. "அந்தக் காலப் பாரு. அட்டக் கடிச்ச தழும்பு இருக்கா? நம்ம கடைசி லயத்து மாமா அது" என்றார். பார்த்தேன், மாமாதான். பயம் போய்விட்டது. ஆனால் மன்மதனை எரித்த பிறகு ரதி புலம்புகிற இடத்தில் நான் அழுதபோது, அது யாரோ வேஷம் கட்டியது என்று அப்பாயி சொல்லவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அழவிட்டார். காலையில் தலை பின்னிவிடும்போதுதான், ரதி வரம் வாங்கினாள், மன்மதன் உயிர்த்தான் என்று அந்தக் கதையின் மிச்சத்தைச் சொன்னார். எந்த இடத்தில் இது வேஷம் என்று சொல்ல வேண்டும், எந்த இடத்தில் அழவிட வேண்டும் என்று பள்ளிக்கூடம் போகாத அந்தக் கிழவிக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பையனிடம் திரும்பி வருகிறேன். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நானும் அந்த மேசைக்குக் கீழேயே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கனநேரம் அவன் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "படத்துல அந்தப் பையனுக்கு ஏன் டீச்சர் யாருமே போன் எடுத்துக் குடுக்கல?"

அன்றைக்கு அவனுடைய வீட்டுக்கு நடந்து போய், அவன் தாத்தாவிடம் நடந்ததைச் சொல்லி, அம்மாவுக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்தோம். வேலைக்கு நடுவில் அவர் ஐந்து நிமிடம் பேசினார். அதற்குப் பிறகு அந்த வகுப்புக்கு நான் காட்டிய ஒவ்வொரு படத்தையும் முதல் நாள் இரவு உட்கார்ந்து பார்த்தேன், பக்கத்தில் இடாப்பை வைத்துக்கொண்டு.

தீர்ப்பைப் பெற்றோரின் கண்ணுக்கே தருமாறு நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.