என்டர்பிரைஸ் ஹார்ட் டிஸ்க் யாருக்குப் பெறுமதி?

நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையில் கணினி திருத்துகிற எந்தக் கடைக்குள் போய் நின்றாலும் இப்போது ஒரு பேச்சு காதில் விழும். "அண்ணே, சாதா டிஸ்க் வேண்டாம், சர்வர் டிஸ்க்காப் போடுங்கோ. ஸ்பீடும் கூட, லேசில சாகாது." கேட்பவர் பெரும்பாலும் கலியாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர். இல்லாவிட்டால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்து நாலைந்து கமரா பூட்டியிருப்பவர். சர்வர் டிஸ்க் என்று அவர்கள் சொல்வது, இரவு பகலாக ஓடும் சர்வர் கணினிகளுக்கென்று செய்த என்டர்பிரைஸ் டிஸ்க்கை. இந்த இரண்டு நம்பிக்கைகளில் முதலாவது பிழை. இரண்டாவது பாதி சரி. அந்தப் பாதிக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம் என்றுதான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

வேகத்தை முதலில் முடித்துவிடுவோம். ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 தரம் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செக்கன். தேடுகிற இடம் வாசிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று. அந்தத் தலையைத் தாங்கும் கை நகர்வதற்கு இன்னும் எட்டு மில்லி செக்கன் அளவில் போகும். ஆகவே அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைச் செக்கனுக்கு ஏறத்தாழ எண்பது தரம்தான் எட்டிப் பிடிக்கலாம். எந்த லேபல் ஒட்டினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. பெரிய கொள்ளளவு என்டர்பிரைஸ் டிஸ்க்கில் நீளமான வீடியோவை நேராக வாசித்தால் செக்கனுக்கு 250 மெகாபைட் அளவில் வரும், அது உண்மைதான். ஆனால் கணினி கெதியாகத் திறக்க வேண்டுமென்றால் சுற்றும் தட்டே இல்லாத சின்ன எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி விண்டோஸை அதில் போடுங்கள்.

அடுத்தது, சாகுமா சாகாதா. விபரத்தாளில் 'எம்டிபிஎஃப் 25 இலட்சம் மணித்தியாலம்' என்று போட்டிருக்கும்; ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடைப்பட்ட சராசரி நேரம் என்பது அதன் நேரடிப் பொருள். வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். வகுத்துப் பார்த்தால் 285 வருடம் வருகிறது. பிரெட்ரிக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலத்தில் பூட்டிய டிஸ்க் இன்றைக்கும் ஓட வேண்டும்! அந்த எண்ணுக்கு அப்படி அர்த்தமில்லை. முப்பது வயதுக்காரர் ஆயிரம் பேரை ஒரு வருடம் கவனித்தால் ஓரிருவர்தான் இறந்திருப்பார்கள். அதை வைத்து மனிதருக்கு ஐந்நூறு வயது ஆயுள் என்று யாரும் சொல்வதில்லை. ஆயிரம் டிஸ்க் இரவு பகலாக ஓடினால் வருடத்துக்கு மூன்று நான்கு பழுதாகும் என்பதே அந்த எண்ணின் பொருள். அதுவும் தயாரிப்பாளர் போட்ட கணக்கு.

வெளியில் எடுத்த கணக்கு வேறு. 2007-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியான்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும் ஏறத்தாழ ஒரு இலட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். விபரத்தாள்களின்படி வருடத்துக்கு 0.88 வீதத்துக்கு மேல் போகக் கூடாது. உண்மையில் 2 முதல் 4 வீதம் மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 வீதம் வரை போனது. விலை கூடிய வகைக்கும் வீட்டுக் கணினிகளில் பூட்டும் மலிவான சாட்டா இணைப்பு வகைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2013-இல், இணையத்தில் தரவைச் சேமித்து வைக்கும் பேக்பிளேஸ் நிறுவனமும் தன் கணக்கை வெளியிட்டது: சாதாரண டிஸ்க் வருடத்துக்கு 4.2 வீதம், என்டர்பிரைஸ் 4.6 வீதம். அப்போதைய டிஸ்க்குகள் வேறு, இப்போதையவை வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். என்றாலும் 'சர்வர் டிஸ்க் சாகாது' என்று கடைக்காரர் சொல்லும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கூடுதல் காசு எதற்கு? பெரும்பகுதி, ஒரே பெட்டிக்குள் பல டிஸ்க் சேர்ந்து ஓடும்போது ஒழுங்காக நடந்துகொள்வதற்கு. தட்டில் ஓரிடம் வாசிக்க முடியாமல் போனால் சாதாரண டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்ப முயற்சிக்கும். ஒரு நிமிடத்துக்கு மேலும் போகலாம். தனியாக இருக்கிற டிஸ்க்குக்கு அது நல்ல குணம். பல டிஸ்க்கை ஒன்றாக இணைத்து, ஒன்று பிழைத்தால் மற்றவற்றிலிருந்து தரவை எடுக்கும் 'ரெய்ட்' பெட்டிக்குள் அதுவே கெட்ட குணம். பதில் வரவில்லையே என்று பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை அந்த டிஸ்க்கைச் செத்ததாக எண்ணி வெளியே தள்ளிவிடும். என்டர்பிரைஸ் டிஸ்க் ஏழு செக்கன் அளவில் "முடியவில்லை" என்று சொல்லிவிடும். மிச்சத்தைப் பக்கத்து டிஸ்க்குகளிலிருந்து ரெய்ட் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று அதிர்வு. 2008-இன் கடைசியில் பிரெண்டன் கிரெக் என்ற பொறியியலாளர் டிஸ்க் அடுக்கொன்றின் முன் நின்று உரத்துக் கத்திக் காட்டினார். கத்திய கணத்தில் டிஸ்க்குகள் பதில் தரத் தாமதித்தது திரையில் தெரிந்தது. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. அடுக்கில் ஓடும் டிஸ்க்குகள் ஒன்றையொன்று ஆட்டும். அதை உணர்ந்து தலையைத் தடத்தில் நிறுத்தும் உணரிகள் என்டர்பிரைஸ் வகையில் உண்டு. வருடத்துக்கு 550 டெராபைட் எழுதி வாசிக்கும் வேலையும் ஐந்து வருட உத்தரவாதமும் அந்த விலைக்குள் அடக்கம். மேசைக் கணினி டிஸ்க்குக்கு 55 டெராபைட், இரண்டு வருடம் என்ற அளவில்தான் போடுவார்கள்.

உப்புக்காற்று மட்டும் லேபல் பார்ப்பதில்லை. டிஸ்க்கின் அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையைக் கழற்றித் திருப்பினால், உள்ளே தலைக்குப் போகும் இணைப்புப் புள்ளிகள் பளபளவென்று இருக்க வேண்டும். கடற்கரை வீடுகளிலிருந்து வருபவற்றில் அவை கறுத்திருக்கும். அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பூட்டினால் சிலது திரும்ப ஓடும், சிலது ஓடாது. 2013 முதல் வரும் ஹீலியம் அடைத்த டிஸ்க்குகள் உள்ளே காற்றுப் புகாமல் மூடியவை. பலகை என்னவோ வெளியேதான் இருக்கிறது.

ஆகவே ஸ்டூடியோக்காரருக்கு என் யோசனை: ஒரு என்டர்பிரைஸ் டிஸ்க் வாங்கும் காசுக்கு இரண்டு சாதாரண டிஸ்க் வருமா என்று கேட்டுப் பாருங்கள். வந்தால் இரண்டிலும் ஒரே வீடியோவை ஏற்றி, ஒன்றை உவர்மலையிலுள்ள அக்கா வீட்டில் வையுங்கள். கெஸ்ட் ஹவுஸ்காரருக்குக் கமராவுக்கென்றே செய்த டிஸ்க் போதும். நாலு, எட்டு டிஸ்க் போட்ட பெட்டியை நாள் முழுக்க ஓட்டுகிற அலுவலகம் என்றால் தயங்காமல் என்டர்பிரைஸ் வாங்குங்கள், யூபிஎஸ்ஸும் சேர்த்து.

பாவித்த சர்வர் டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால், முதலில் இணைப்பு வாயைப் பாருங்கள். சாட்டா டிஸ்க்கில் தரவு வாய்க்கும் கரண்ட் வாய்க்கும் நடுவே இடைவெளி இருக்கும். அது அடைபட்டிருந்தால் அந்த டிஸ்க் சர்வர்களுக்கான சாஸ் இணைப்பு வகை; வீட்டுக் கணினியில் ஏறாது. பிறகு ஓடிய மணித்தியாலத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் அழித்துப் புதிதுபோல விற்கிறவர்கள் இருப்பதால், தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் இலக்கத்தைப் போட்டு உத்தரவாதம் எப்போது முடிகிறதென்றும் பாருங்கள். அதற்கு இடம் தராத கடையில் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.