கட்டணம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் இளம் வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மூத்த வழக்கறிஞர்களே, சேம்பரிங் என்னும் பயிற்சிக் காலம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

தொழில் அறம் பற்றிப் பேச வருகிறவர்கள் ஒரு செய்யுளைச் சொல்லித் தொடங்குவது நம் மேடை வழக்கம். நான் வாடகையிலிருந்து தொடங்குகிறேன். லெபு பிஷப்பிலோ பினாங்கு ஸ்ட்ரீட்டிலோ பழைய கடைவீட்டு மாடியில் ஓர் அறை எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டிய எவருக்கும் காலையில் முதலில் நினைவுக்கு வருவது சட்டப் புத்தகம் அல்ல. வாடகை, குமாஸ்தாவின் சம்பளம், அவருக்குக் கட்ட வேண்டிய இபிஎஃப் என்னும் சேமநிதி, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, ஒளிநகல் இயந்திரத்தின் தவணை, ஆண்டு பிறந்தால் தொழில் பொறுப்புக் காப்புறுதி. நம் நாட்டு வழக்கறிஞர் நிறுவனங்களில் பெரும்பாலானவை ஓரிருவர் நடத்துபவைதான். கோலாலம்பூரின் பெரிய நிறுவனங்களில் இந்தக் கவலைகளுக்கென்று தனி மேலாளர் இருப்பார். நம் அலுவலகத்தில் அந்த மேலாளரும் நாமே, தண்ணீர்ப் புட்டி தீர்ந்தால் சொல்லி அனுப்புகிறவரும் நாமே.

சிறு அலுவலகங்களில் ஒழுக்கக் கேடு பேராசையால் நுழைவதைவிடக் கூச்சத்தால் நுழைவதுதான் அதிகம் என்பது என் கட்சி. முதல் நாளில் வாய் திறந்து ஒரு தொகையைச் சொல்லத் தயங்கியவர், ஆறு மாதம் கழித்து அந்தப் பணத்தை வேறெங்காவது தேடத் தொடங்குகிறார். தேடும் இடங்கள்தான் ஆபத்தானவை. இதை ஏற்காதவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். தேநீர் நேரத்தில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

நம் சமூகத்தில் இந்தக் கூச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. திருமண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது மாமா முறையில் ஒருவர் வந்து, "ஒரு கடிதம்தானே அம்மா, தட்டிக் கொடுத்துவிடு" என்பார். அந்த ஒரு கடிதத்துக்கு ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும், நிலப் பதிவகத்தில் தேட வேண்டும், எதிர்த்தரப்பு நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடிதத்துக்குப் பதில் வரும். பதிலுக்குப் பின் வழக்கு வரும். எதையும் எழுதிக்கொள்ளாமலே அந்தக் கோப்பு உங்கள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். காசு வராத கோப்பு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்: அலமாரியின் அடித்தட்டுக்கு.

அங்கே கிடக்கும்போதும் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. விபத்தில் காயம்பட்டவர் வழக்குத் தொடுக்கப் பொதுவாக 6 ஆண்டு. இறந்தவரின் குடும்பம் 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டப்படி இழப்பீடு கேட்க 3 ஆண்டுதான். மோதியது அரசாங்க வாகனம் என்றால், 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதத்தில் கதவை மூடிவிடும். கெடு தப்பினால் அந்தக் குடும்பத்துக்கு "மாமா முறைக்காகத்தானே செய்தார்" என்ற ஆறுதல் போதாது. இலவசமாகச் செய்தேன் என்பதை வழக்கறிஞர்களை விசாரிக்கும் ஒழுங்கு நடவடிக்கை வாரியமும் ஒரு பதிலாக ஏற்காது.

கூச்சத்துக்கு நம் ஊரில் கிடைக்கும் அடுத்த சமாதானம், "வழக்கு ஜெயித்ததும் பார்த்துக்கொள்ளலாம்". பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் 1976ஆம் ஆண்டின் சட்டத் தொழில் சட்டம், 112ஆம் பிரிவில், வெற்றி பெற்றால் மட்டுமே கட்டணம் என்ற ஏற்பாட்டைத் தடை செய்கிறது. வேறு சில நாடுகளில் இது அனுமதிக்கப்பட்டிருக்கிறதே என்று மாணவர்கள் கேட்பீர்கள். ஏழைக்கு வேறு வழி ஏது என்ற அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நம் சட்டத்தின் அச்சத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காப்புறுதி நிறுவனம் ஒரு தொகைக்குச் சமரசம் பேசுகிறது. வாங்கிக்கொள் என்பதா, விசாரணைக்குப் போ என்பதா? தன் வாடகையும் அதே தொகைக்குள் அடங்கியிருக்கிறது என்றால், அந்த வழக்கறிஞர் சொல்லும் ஆலோசனை யாருக்கானது என்று அவருக்கே தெரியாது.

விபத்து வழக்கு என்றதும் ஏஜெண்ட் வந்துவிடுவார். புதிதாக அலுவலகம் திறந்த எவரையும் அவர் தேடி வருவார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் போலீஸ் புகாரின் நகல், மருத்துவமனைச் சீட்டு, அடையாள அட்டையின் நகல். சில சமயம் காயம்பட்டவரின் கையெழுத்தோடு ஒரு வெற்றுத் தாளும் இருக்கும். மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பிவிட்டு, "உங்களுக்கு வேலையே இல்லை, எல்லாம் தயார்" என்பார். இழுவை வண்டிக்காரரிடமோ மருத்துவமனை வராந்தாவிலோ பிடித்த கோப்பு அது. அவருக்கு முன்பணம் வேண்டும், பிறகு பங்கும் வேண்டும். வழக்குப் பிடித்துத் தர ஆள் வைப்பதையும், வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடுவதையும் 1978ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. இது தெரியாமல் யாரும் விழுவதில்லை. நேரில் வரும் கட்சிக்காரரிடம் கட்டணம் பேசத் தெரியாதவர்தான் விழுகிறார். ஏஜெண்ட் கொண்டுவருகிறவரிடம் கட்டணம் பேச வேண்டியதே இல்லை. காசோலை வரும்போது கழித்துக்கொள்ளலாம். கணவனை இழந்த பெண்ணின் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது வேறு கதை.

அடுத்து, கட்சிக்காரர் கணக்கு. 1990ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கணக்கு விதிகள் தெளிவாக இருக்கின்றன: அவர்கள் பணம் தனிக் கணக்கில், நம் பணம் தனிக் கணக்கில். ஆண்டுதோறும் கணக்காய்வாளர் அறிக்கை இல்லாவிட்டால் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. ஆனால் விதி எழுதியவர்கள் மாதக் கடைசியைப் பற்றி எழுதவில்லை. வீடு வாங்குபவர் 10 விழுக்காடு முன்பணம் கட்டியிருப்பார். விற்பவருக்கு வரக்கூடிய சொத்து ஆதாய வரிக்காக, அவர் குடிமகன் என்றால் பொதுவாக 3 விழுக்காட்டைப் பிடித்து வைத்து வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பணம் கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக் கணக்கில் குமாஸ்தாவின் சம்பளத்துக்கு இல்லை. வரவேண்டிய கட்டணமோ நான்கு கோப்புகளில் கேட்கப்படாமல் கிடக்கிறது. "திங்கட்கிழமை திருப்பிப் போட்டுவிடலாம்" என்று மனம் சொல்லும். பெயர் நீக்கப்பட்ட வழக்கறிஞர்களில் எத்தனையோ பேருடைய கதை இப்படி ஒரு திங்கட்கிழமையில்தான் தொடங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

லைட் ஸ்ட்ரீட் உயர்நீதிமன்றத்துக்குப் போகும்போது லோகன் நினைவுச் சின்னத்தைக் கவனியுங்கள். ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் இந்த ஊரில் வழக்கறிஞராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தவர். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்காக வாதாடியதால் பெயர் பெற்று, 1869இல் மறைந்தார். சின்னத்தைச் சுற்றி நான்கு உருவங்கள்: நீதி, ஞானம், துணிவு, தன்னடக்கம். நீதிமன்றத்துக்குள் முதல் மூன்றும் உதவும். மாதக் கடைசியில் கட்சிக்காரர் கணக்கின் இருப்பைப் பார்க்கும்போது நான்காவதுதான் வேண்டும். அது சம்பளம் கொடுக்க வழியுள்ளவரிடம் சுலபமாகத் தங்குகிறது.

வீடு வாங்கல் விற்றல் பற்றிச் சுருக்கமாக. 2023ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கட்டண ஆணைப்படி, வீட்டு விலையில் முதல் 5 இலட்சம் ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு, 4 இலட்சம் ரிங்கிட் வீட்டுக்கு 5,000 ரிங்கிட். இந்தக் கட்டணம் வாய்ப்பேச்சில் மளமளவென்று இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அனுமதித்த தள்ளுபடிக்குக் கீழே போகிறவர் அந்த நட்டத்தை எங்கோ ஈடுகட்டுகிறார்: நிலத் தேடலை ஒருமுறையோடு நிறுத்துவார், அல்லது எல்லாவற்றையும் குமாஸ்தாவிடம் விட்டுவிடுவார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடமைப்பு நிறுவனத்துக்கு வேலை செய்யும் வழக்கறிஞர் அதே வீட்டை வாங்குபவருக்கும் வேலை செய்யக்கூடாது என்று சட்டத் தொழில் சட்டமே சொல்கிறது. "வழக்கறிஞர் கட்டணம் இலவசம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து வரும் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இரு தரப்பு என்றதும் இன்னொரு காட்சி. கணவனும் மனைவியும் சேர்ந்து வருகிறார்கள். மணவிலக்குக் கூட்டு மனு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் அனுமதிக்கும் வழிதான். ஒரே வழக்கறிஞர் இருவருக்குமாகத் தாக்கல் செய்வதும் நடைமுறையில் உண்டு. "இரண்டு பேருக்கும் சம்மதம், ஒரே செலவாக முடித்துக் கொடுங்கள்" என்று கணவர் பேசுகிறார். அவள் கைப்பையின் பட்டையைத் திருகிக்கொண்டிருக்கிறாள். வீடு யாருக்கு என்று கேட்டால் அவர் பதில் சொல்கிறார். பிள்ளைகளின் பராமரிப்புச் செலவு பற்றிக் கேட்டால், அவள் பதில் சொல்லும் முன் அவர் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையோடு கூட்டு மனு முடிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். இருவரில் ஒருவருக்காகத்தான் இருக்க முடியும், மற்றவர் வேறு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் இருவருமே எழுந்து போய்விடுவார்கள், கட்டணமும் போய்விடும். அதைத் தாங்கும் அளவுக்காவது அந்த மாதத்தின் வரவு இருக்க வேண்டும்.

நம்மிடம் வருகிறவர்களில் பலர் தமிழில்தான் சிந்திக்கிறார்கள். ஆவணமோ மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரின் பிரமாணப் பத்திரத்தை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளிலேயே இருக்கிறது. பக்கம் பக்கமாகச் சொல்லிப் புரியவைக்க ஒரு முழு மாலை ஆகும். அதைக் கட்டணத்தில் சேருங்கள். சேர்க்காதவர்தான், நீதிமன்றம் மூடுவதற்குள் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்.

ஏழைகளை என்ன செய்வது என்று இங்கே யாராவது கேட்கத்தான் போகிறீர்கள். நான் சொன்னதை "எல்லோரிடமும் காசு வாங்கு" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இலவசமாகச் செய்வதற்கும் கேட்க வெட்கப்படுவதற்கும் தூரம் அதிகம். இலவசம் என்றால் முதல் நாளே முடிவு செய்யுங்கள். எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன், கட்டணம் இல்லை, நீதிமன்றச் செலவு யாருடையது என்று தமிழிலும் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அந்தக் கோப்பும் காசு தருகிற கோப்புக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். உங்களால் முடியாதென்றால் வழி காட்டுங்கள். குற்றவியல் வழக்குகளுக்கு 2012 முதல் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இயங்குகிறது. அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. சேம்பரிங் காலத்தில் அங்கே பணி செய்திருப்பீர்கள். உரிமம் கைக்கு வந்த பிறகு திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. பினாங்கு மையத்தில் தமிழில் பேசக்கூடியவர்கள் எப்போதும் தேவை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தேநீருக்கு முன் என்னைப் பாருங்கள். சண்டை போட வருகிறவர்கள் அதன் பிறகு வரலாம்.