கட்டுமர விளையாட்டு ஏன் கரை சேரவில்லை?

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச் மணலில் உட்கார்ந்து பேசுகிறேன். காற்று பலமாக வீசுகிறது; இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனியாக வீடியோ கேம் செய்யத் தொடங்குகிற பலர் ஏன் முடிப்பதில்லை? சோம்பேறித்தனம் என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. வேலைக்குப் போய்வந்து இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பவர்களையா அப்படிச் சொல்வது?

என் கட்டுமர விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அலை, வலை, மீன் எல்லாவற்றையும் கோடோ (Godot) என்ற, விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் இரண்டே மாதத்தில் செய்துவிட்டேன். முக்கால்வாசி முடிந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அதன் பிறகுதான் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியில் கை வைத்தேன். கட்டுமரம் எங்கே நிற்கிறது, வலையில் எத்தனை மீன், எந்தப் பணி முடிந்தது என்ற விவரமெல்லாம் இருபது கோப்புகளில் சிதறிக் கிடந்தன. ஒன்றைச் சேமித்தால் இன்னொன்று தொலைந்தது. நிரலில் பாதியைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. சேமிப்பை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

அதோடு விட்டதா? மெனு, ஒலி அளவு, நடுவில் நிறுத்திவைக்கும் பொத்தான், சிறிய போன் திரையில் வெட்டுப்படும் எழுத்துகள். இவை இருந்தால் யாரும் பாராட்டுவதில்லை. இல்லாவிட்டால் ஆட்டத்தையே அழித்துவிடுவார்கள். சரியாக அந்த வேளையில்தான் புதிய யோசனை ஒன்று வந்து கையைப் பிடித்து இழுக்கும். அதிலும் இதே வேலைகள் காத்திருக்கின்றன. இன்னும் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டார்டியூ வேலி என்ற புகழ்பெற்ற பண்ணை விளையாட்டைத் தனியாள் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தார். எரிக் பரோன் இசை, ஓவியம், நிரல் அனைத்தையும் தானே செய்து, நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016இல் வெளியிட்டார். வேலை போக மிச்ச நேரத்தில் மட்டும் உட்காருகிற நமக்கு அந்த அளவு விளையாட்டு எத்தனை ஆண்டு பிடிக்கும்? 2002இல் தொடங்கிய லூடம் டேர் என்ற, விளையாட்டு உருவாக்கும் இணையப் போட்டியில் 48 மணி நேரத்துக்குள் ஓர் ஆட்டத்தை முடித்துக் கொடுக்கிறார்கள். புதியவர்கள் அந்த அளவில் தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன்.

நானும் என் ஆட்டத்தை வெட்டிச் சுருக்கிவிட்டேன். மீன் சந்தை இல்லை, புயல் இல்லை. கெடிலம் ஆற்றின் முகத்துவாரம் வழியாகக் கட்டுமரத்தைக் கரை சேர்க்க வேண்டும். ஐந்து நிமிட ஆட்டம். நாளை மாலை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கப் போகிறேன். அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்பதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.