உருகாமலே ஓடும் கல்

[காட்சி: சிங்கப்பூர், தேக்கா சந்தை. எண்ணெயில் ஊறிய பரோட்டா மாவு]

வணக்கம். இந்த அண்ணன் கையைக் கொஞ்சம் பாருங்கள். ஊறிய மாவை நிதானமாக இழுத்தால் கண்ணாடி மாதிரி விரிகிறது. அதையே வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். மாவு ஒன்றுதான், வேகம்தான் வேறு. கல்லுக்கும் இந்தக் குணம் உண்டு.

[காட்சி: புலாவ் உபின் தீவு, பழைய கல் குவாரி]

உபின் கருங்கல்லில் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851-லிருந்து கடல் நடுவே நிற்கிறது. இந்தக் கல்லைச் சுத்தியலால் அடித்தால் உடையும், வளையாது. ஆனால் 15 கிலோமீட்டர் ஆழத்தில் கதை வேறு. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். அங்கே 400 டிகிரியை ஒட்டி இருக்கும். கல்லை இளக்குவது இந்தச் சூடுதான், பலரும் நினைப்பதுபோல அழுத்தம் அல்ல. அழுத்தத்தின் வேலை, விரிசலை வாய் திறக்கவிடாமல் நெருக்கிப் பிடிப்பது.

சரி, திடப்பொருள் எப்படி ஓடும்? கல்யாண மண்டபத்தில் பெரிய ஜமுக்காளத்தை அப்படியே இழுத்தால் அசையாது. ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அதை மறுமுனைவரை தள்ளிக்கொண்டே போனால் ஜமுக்காளம் ஒரு சாண் நகர்ந்திருக்கும். கல்லுக்குள் இருக்கும் படிகங்களில் அணு வரிசை பிசகிய இடங்களும் இந்த மடிப்பைப் போலத்தான் ஊர்கின்றன.

[காட்சி: மைலோனைட் பாறை, மிக அருகில்]

இது ஒருகாலத்தில் கருங்கல்; ஆழத்தில் இழுபட்டு இப்படி மாறியது. அதிலுள்ள சாம்பல் நிறக் கனிமமான குவார்ட்ஸ் சுமார் 300 டிகிரியிலேயே இளகி, நாடா நாடாவாக நீண்டிருக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம் அதைவிட முரட்டுப் பேர்வழி. இளகாமல் நடுவில் உருண்டு, கண்போல முழிக்கிறது! ஜெர்மன் மொழியில் இதன் பெயரும் 'கண்கள்'தான்: அவுகன் (Augen).

இன்னும் கீழே, மேலோட்டுக்கு அடியில் இருக்கும் அடுக்கு மேன்டில். அது எரிமலைக் குழம்புக் கடல் என்று பள்ளியில் நானும் நம்பியிருந்தேன். ஆனால் நிலநடுக்கத்தில் எழும் எஸ் அலைகள் திரவத்துக்குள் போகமுடியாதவை; அவை அதற்குள் தாராளமாகப் போய்வருகின்றன. ஆக, அது திடப் பாறை. ஆனாலும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது.

[காட்சி: சுமத்ரா வரைபடம்]

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் மேலோடு சட்டென்று முறிந்தது. அடியிலிருந்த மேன்டில் முறியவில்லை; அந்த உலுக்கலுக்கு ஏற்றபடி பல ஆண்டுகள் மெல்ல மெல்ல நகர்ந்தது. நன்யாங் பல்கலைக்கழகத்தின் புவி ஆய்வகம் சுமத்ராவில் நடத்தும் ஜிபிஎஸ் நிலையங்கள் இதுபோன்ற நகர்வுகளை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கின்றன.