ஆணி இல்லாத படகு

நேயர்களுக்கு வணக்கம். ஒகேனக்கல்லில் பரிசல்காரர் கரையேறியதும் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடையைக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களும் அப்படித்தான், ஆறு நின்றுபோகிற இடத்தில் படகைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடந்தார்கள்.

பூர்ஜ மரப்பட்டைப் படகு அது. நம் இமயமலையில் அந்தக் காலத்தில் சுவடி எழுதப் பட்டை கொடுத்த பூர்ஜ மரத்துக்குச் சொந்தக்கார மரம். பட்டையைக் கிழியாமல் உரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுவார்கள். ஸ்புரூஸ் மரவேரைப் பிளந்து தைப்பார்கள். தையல்மேல் பிசினும் கொழுப்பும் கரித்தூளும் கலந்து பூசுவார்கள். தைப்பதும் பூசுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆணி? ஒன்றுகூடக் கிடையாது. எங்கே பேசினாலும் இதைச் சொல்லிவிடுவேன், ஆணி கிடையாது! ஓட்டை விழுந்தால் மரம் இருக்கிற கரையாகப் பார்த்து ஒதுங்கினால் போதும்.

1793-இல் தோல் வியாபாரி அலெக்சாண்டர் மெக்கன்சி பசிபிக் கடலைத் தேடிப் போனது இந்த மாதிரிப் படகில்தான். 25 அடி நீளம், பத்துப் பேர், ஒரு நாய், 1,300 கிலோவுக்கு மேல் சுமை. காலிப் படகை இரண்டே பேர் தூக்கிவிடலாம். ராக்கி மலையைத் தாண்டியதும் ஓர் ஆற்றில் பாறையில் மோதிப் படகு நொறுங்கியது. ஆட்களுக்கு உள்ளூரச் சந்தோஷம், வீடு திரும்பலாமே! மெக்கன்சி விடவில்லை. வயிறாரச் சாப்பாடும் ரம்மும் கொடுத்து, மறுபடி பட்டை தேட அனுப்பினார். இதற்கிடையில் நனைந்த வெடிமருந்தைக் காயப் போட்டிருந்தார்கள், சுமார் 36 கிலோ. புகைகிற சுங்கானை வாயில் வைத்துக்கொண்டு ஒருவர் சாவகாசமாக அதன் குறுக்கே நடந்து போனாராம்! நல்லவேளை, பொறி விழவில்லை. ஒட்டுப்போட்ட படகு மேலும் சில நாள் ஓடியது, பிறகு வழியிலேயே புதிதாக ஒன்று கட்டினார்கள். கடைசித் தூரத்தை நடந்தும், அந்த ஊர் மக்களின் படகில் ஏறியும்தான் கடலைப் பார்த்தார்கள். புகழ் மெக்கன்சிக்குப் போனது. என்னைக் கேட்டால், பாதியாவது அந்தப் படகை முதலில் தைக்கக் கற்றவர்களுக்குச் சேர வேண்டும்.

இந்தப் படகில் மீன்பிடிப்பதற்கு இப்போதுதான் வருகிறேன், அதற்குள் நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: சுப்பீரியர் ஏரி ஹியூரானுக்கு இறங்குகிற சூ செயின்ட் மேரி நீர்ச்சரிவில், கொந்தளிக்கிற தண்ணீருக்கு நடுவே ஒருவர் படகை நிலைநிறுத்துவார். மற்றவர் எழுந்து நின்று, நீளக்கழியில் கட்டிய வலையை ஆழத்தில் அழுத்தி வெள்ளைமீனை வாரி எடுப்பார். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் இதை வியந்து எழுதியிருக்கிறார்கள். பட்டைப் பந்தம் கொளுத்தி இரவில் ஈட்டியால் குத்துவது இன்னொரு முறை, அதற்கு இன்று நேரமில்லை. 1855-இல் அந்தச் சரிவை ஒட்டிக் கப்பல் கால்வாய் வந்தது. வணக்கம், நேயர்களே.